எல்லா நாட்டுக்கும் ஓம்

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. என் வாயில் அந்தப் பெயர் ஒருநாளும் சரியாக வந்ததில்லை, எழுத்தில் மட்டும் வந்துவிடுமா என்ன. நான் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டேன், அவள் என்னை அன்ரி என்று கூப்பிட்டாள். ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பெண்களுக்கு அது போதும்.

ஊருக்குப் போதவில்லை. ஊர் அவளுக்கு நாடு நாடாகப் பெயர் வைத்தது. கண்டாவளையில் என் பலசரக்குக் கடைக்கு வருகிற உழவு மெசின்கார அண்ணை அவளை ஜப்பான்காரி என்றார். ஓய்வுபெற்ற சமூகக்கல்வி வாத்தியார் சீனத்தி என்றார். அவர் உலகப்படம் படிப்பித்தவர், அவரோடு யார் வாயைக் கொடுப்பது. நான் கொரியாக்காரி என்றேன். எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. நான் உலகம் தெரிந்த ஆள். அண்ணன் கனடாவில், தங்கச்சி சுவிசில். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் தமிழில் குரல் கொடுத்த கொரிய நாடகங்களைப் போனில் ஒன்றும் விடாமல் பார்க்கிறவள். அந்தக் கண்ணையும் அந்தத் தலைமயிரையும் பார்த்தால் கொரியா இல்லாமல் வேறென்ன?

அவளிடம் கேட்காமல் நாங்கள் ஒன்றும் முடிவுகட்டவில்லை. எல்லோரும் கேட்டோம். எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். ஓம்.

ஆம் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல்லான அந்த ஓமை அவள் சொல்லும் விதம் ஒன்று இருந்தது. முதலில் சிரிப்பு வரும். பிறகு தலை குனிந்து நாடி கீழே இறங்கும். அதற்குப் பிறகுதான் சொல் வரும், அதுவும் ஓகாரத்தை ஒரு பாட்டின் தொடக்கம்போல இழுத்துக்கொண்டு. அதைக் கேட்ட யாருக்கும் இரண்டாம் தடவை கேட்க மனம் வராது.

அவளைக் கட்டியவன் எங்கள் ஊர்ப் பெடியன்தான். தாய் தகப்பனை இழந்து வளர்ந்தவன். எப்படி இழந்தான் என்று, சண்டை நடந்த எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கட்டாரில் ஒரு ஹோட்டலில் வாகனம் ஓட்டினான், அங்கே அவளைக் கண்டான், கலியாணம் முடித்துக்கொண்டு வந்து இறங்கினான். இங்கே வந்து முல்லைத்தீவு பஸ்ஸுக்குச் சாரதி. விடியப் போனால் இருட்டித்தான் வருவான். நாலு சொல்லைச் சேர்த்துக் கதைக்கிற பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. வந்து இறங்கிய அன்று, “தம்பி, பொம்பிளை எவடம்?” என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் வாய்க்குள் ஏதோ சொன்னான். என் காதில் “பிலிப்பின்ரை” என்று விழுந்தது. பிலிப்பு என்பவரின் மகளாக்கும் என்று விளங்கிக்கொண்டேன். கொரியாவில் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர் கனபேர் இருக்கிறார்கள்தானே. பிறகொரு நாள் அவளிடமும் கேட்டு உறுதிப்படுத்தினேன்.

“பிள்ளை, அப்பான்ரை பேர் பிலிப்புத்தானே?”

“ஓம்.”

முடிந்தது.

அவர்கள் வந்த அன்று பின்னேரமே நான் பார்க்கப் போனேன். தலைக்கு முழுகிய ஈரத்தோடு துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, அரிசியும் தேங்காயும் வெங்காயமும் போட்ட உரப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். யன்னல் சீலை கொஞ்சம் விலகியது. ஒரு கண் தெரிந்தது. அடுத்த நொடி உள்ளே கொழுக்கி போடுகிற சத்தம் கேட்டது. பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கிழமை முழுக்க என்னைக் கண்டால் அவள் குசினிக்குள் ஓடினாள். கொரியாச் சனத்துக்குக் கூச்சம் அதிகம் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன்.

பிறகு கூச்சம் தெளிந்து கடைக்கு வரத் தொடங்கினாள். கடைக்கு வருகிற மற்றவர்களுக்குப் போல அவளுக்கும் நாளுக்கொரு தேத்தண்ணி ஊத்திக் கொடுப்பேன். முதல் நாள் பெரிய வெங்காயக் கூடையைக் காட்டி, “பொம்பாய்” என்றாள். எனக்குப் புல்லரித்தது. நாங்களும் அதைப் பம்பாய் வெங்காயம் என்றுதானே சொல்கிறோம். வந்து ஒரு மாதத்துக்குள் தமிழைப் பிடித்துவிட்டாள், கெட்டிக்காரச் சாதி என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏன் என்னையும் வெங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள் என்று யோசிக்கவில்லை.

உழவு மெசின்கார அண்ணையின் கதை அதைவிட மோசம். அவருடைய தண்ணி இறைக்கிற மெசின் ஜப்பான் சாமான், இயங்க மறுத்து மூன்று நாள் கிடந்தது. மனிதர் அதைக் கைவண்டியில் ஏற்றி அவள் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். “உங்கடை நாட்டுச் சாமான்தானே பிள்ளை, ஒருக்காப் பாருங்கோ.” அவள் ஓம் என்றாள். மெசினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அண்ணை கயிற்றை இழுத்தார், மெசின் கிளம்பியது. அதற்குப் பிறகு கண்டாவளையில் பழுதாய்ப் போன மின்விசிறி, றேடியோ, தையல் மெசின் எல்லாம் அவள் வாசலுக்குப் போயின. அவள் எல்லாவற்றையும் தொட்டுக் கொடுத்தாள். அரைவாசி வேலை செய்யவில்லை. அதற்கு ஜப்பான்காரி பிழையில்லை, சாமான் பிழை என்று அண்ணை சொன்னார்.

வயல் விசயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். எனக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சக் காணி இருக்கிறது. களை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து நாடுகளில் கூர்த்தொப்பி போட்ட பெண்கள் முழங்கால் சேற்றில் வரிசையாக நிற்கிற படத்தை நாங்கள் எத்தனை கலண்டரில் பார்த்திருக்கிறோம். “உங்கடை பக்கம் எல்லாரும் வயல்தானே?” என்றேன். ஓம் என்றாள். புருசனின் காலுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். வயலுக்குள் ஒரு காலை வைத்தாள், மற்றக் காலை வைத்தாள், குனிந்தாள், அப்படியே சேற்றுக்குள் குந்திவிட்டாள். எழும்பினால் கெண்டைக்காலில் அட்டை. அவள் கத்தின கத்தில் நீரில் படுத்திருந்த எருமை எழும்பி நடந்தது. வரம்பில் விழுந்து எழும்பி, காலுறை ஒன்று சேற்றோடு போக, வீதிவரைக்கும் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வீதியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். தலையிலிருந்து கால்வரைக்கும் சேறு. அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பென்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற கொரிய நாடகச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து சிரிக்கிற சிரிப்பு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பாவம், மாமியார்க் கொடுமை இல்லாத இடத்துக்கு வந்து மனம்விட்டுச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

மாமியார்க் கொடுமை என்று நான் நினைத்ததற்கும் நாடகம்தான் காரணம். ஒருநாள் அவளைக் கடையில் இருத்தி, ஒரு மாமியார் மருமகளின் முகத்தில் தண்ணீரை ஊற்றுகிற கட்டத்தைக் காட்டினேன். “உங்கடை ஊரிலை இப்பிடித்தானே?” அவள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். ஓம் என்றாள். நான் அழுதுவிட்டேன். ஒரு பக்கற் பிஸ்கற்றை எடுத்து அவள் கையில் வைத்து அமத்தினேன். அதை வாங்கிக்கொண்டு அவள் என் தோளைத் தடவி ஆறுதல் சொன்னாள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அவள் வந்து இரண்டு வருடம் ஆனபோதுதான் வினை வந்தது. அவளுடைய விசா முடியப்போகிறது, நீடிக்க வேண்டும். கலியாணம் உண்மைதானா, அவள் உண்மையாகவே இங்கேதான் இருக்கிறாளா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் கோப்பு. அவர் கடைவாசலில் கால் வைத்ததுமே நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கிவிட்டேன். அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார், பிறகு அவரும் சிங்களத்திலேயே கதைத்தார். கடையில் நின்றவர்களுக்கு நானே மொழிபெயர்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் எந்த நாடு என்று கேட்டார். ஜப்பான் என்றார் அண்ணை. சீனா என்றார் வாத்தியார், வரைபடத்தில் இடம்கூடக் காட்டுவேன் என்றார். நான் இருவரையும் தள்ளிவிட்டு, கொரியா, அதுவும் தென்கொரியா, சந்தேகமே வேண்டாம் என்றேன். அவளே ஓம் சொன்னவள் என்று மூன்று பேரும் சாட்சி சொன்னோம். அதிகாரி கோப்பைத் திறந்து பார்த்தார்.

“கடவுச்சீட்டில் பிலிப்பைன் என்று இருக்கிறதே.”

“அது தகப்பன்ரை பேர் மாத்தயா,” என்றேன்.

அவர் பேனையை மூடினார். பக்கத்து வீட்டில் இரண்டு வருடம் குடியிருக்கிற பெண் எந்த நாடு என்று யாருக்கும் தெரியாவிட்டால், அவள் இங்கே குடியிருக்கிறாள் என்பதை எப்படி நம்புவது என்று கேட்டார். அடுத்த கிழமை திரும்ப வருவேன், அப்போதும் இப்படித்தான் என்றால் விசாவுக்குச் சிபாரிசு செய்ய முடியாது, அவள் தன் நாட்டுக்குத் திரும்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எப்படிக் கேள்விப்பட்டானோ, பின்னேரம் அவளைக் கட்டியவன் பஸ்ஸை அப்படியே வீதியில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தான். அவன் கோபப்பட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

“என்ன அன்ரி வேலை பாத்தனீங்கள்? அவ பிலிப்பைன்ஸ். வந்த அண்டே உங்களுக்குச் சொன்னனான்.”

“நீர் பிலிப்பின்ரை எண்டெல்லோ தம்பி சொன்னீர்.”

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். பின்னால் வந்த அவள் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். அவன் அவர்களுடைய பாஷையில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீரும் வந்தது. எது சிரிப்புத் தண்ணி, எது மற்றது என்று எனக்குத் தெரியவில்லை.

“பிள்ளை, நான் உம்மைக் கொரியா எண்டு நினைச்சதுக்கு...” என்று நான் இழுத்தேன்.

“நானும் அன்ரி,” என்றாள். “நானும் உங்களைப் பொம்பாய் எண்டு நினைச்சது.”

அவள் பாதித் தமிழிலும் அவன் மீதித் தமிழிலும் சொன்ன கதை இதுதான். அவளுடைய ஊரில் எங்கள் நிறத்தில், எங்கள் முகத்தில் யார் போனாலும் பொம்பாய்தான். இந்தியாவா, இலங்கையா, பாகிஸ்தானா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரிய வெங்காயத்துக்கும் அங்கே அதே பெயர். தலைப்பாகை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வியாபாரம் செய்கிற பொம்பாய் ஆட்கள் குழப்படிப் பிள்ளைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தாய்மார் வெருட்டுவார்களாம். அவளையும் அவளுடைய தாய் அப்படித்தான் வெருட்டிச் சோறு தீத்தினவளாம். இந்த ஊருக்கு வந்து இறங்கின முதல் நாள், யன்னலால் எட்டிப் பார்த்தால், தலையில் துணி சுற்றி, தோளில் சாக்கோடு, வாசலில் நான்.

“சாக்கு பெரிசு அன்ரி. நான் போடலாம், அவ்வளவு பெரிசு.”

நான் சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்துவிட்டான். இதெல்லாம் நடந்து கனகாலம். இப்போது அவர்கள் அவளுடைய ஊரில்தான் இருக்கிறார்கள், அவளுடைய தாய்க்கு ஏலாமல் போனபிறகு குடும்பத்தோடு போனார்கள். அங்கே தெருப்பிள்ளைகள் அவனைக் கண்டால் பொம்பாய் பொம்பாய் என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்களாம். ஏன்ரா நீ திருத்தவில்லை என்று போனில் கேட்டேன். எத்தினை பேரைத் திருத்துறது அன்ரி என்றான்.

அதிகாரி திரும்ப வருவதாகச் சொன்ன அந்தக் கிழமை நான் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வந்தவர்களில் பிலிப்பைன்ஸ் என்று சொல்லாமல் யாரும் சாமானோடு போகவில்லை. வாத்தியார் முகத்தைத் தூக்கிக்கொண்டு, அதுவும் சீனாவுக்குக் கிட்டத்தான் என்றார். அண்ணைக்கு அந்தச் சொல் வாயில் வர மூன்று நாள் எடுத்தது, மெசின் எப்படி இயங்கினது என்ற குழப்பம் தீரவேயில்லை. அதிகாரி வருகிற நாள் கடையைக் கூட்டித் தண்ணி தெளித்து, நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டு, அவளுக்கு என்னுடைய சேலை ஒன்றைக் கட்டிவிட்டு, வாசலில் நின்றேன்.

அவர் வந்தார். நான் சிங்களத்தில் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

“அக்கா, நான் பதுள பக்கம். தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன். தமிழ்தான்.”

நான் கதிரையை இன்னொருக்காத் துடைத்தேன். “பிறகேன் தம்பி அண்டைக்குச் சிங்களம் கதைச்சனீங்கள்?”

“நான் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே நீங்க ஆரம்பிச்சிட்டீங்க. அவ்வளவு ஆசையா பேசுனீங்க, கெடுக்க மனசு வரல.”

கடைக்குள் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வந்த சூட்டில் அவரைத் திரும்பிப் பார்த்தேன், பிறகு நல்ல பிள்ளையாக அதிகாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எந்த நாடு என்று கேட்டார். கடை முழுக்க ஒரே குரலில் பிலிப்பைன்ஸ் என்றது. பள்ளிக்கூடம் தோற்றது. அவருக்கு அது நம்பிக்கையைக் கூட்டவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சொல்லிக் கொடுத்த பாடம் என்று யாருக்கும் தெரியும். ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க அக்கா என்றார்.

எனக்குப் பதற்றம். இவளை இழந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பு. வாயில் வந்த நல்லதெல்லாம் சொன்னேன்.

“தங்கமான பிள்ளை தம்பி. வாய் திறந்து ஒரு சொல் கதையாது. அந்த நாட்டுச் சனமே அப்பிடித்தான், அமைதி, பணிவு, குனிஞ்ச தலை நிமிராது. என்ன பிள்ளை, அப்பிடித்தானே?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாடியும் இறங்கவில்லை.

“இல்லை,” என்றாள்.

இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை நாங்கள் அவள் வாயில் கேட்டதேயில்லை.

“நான் அமைதி இல்லை. நான் சரியான வாய். அம்மா சொல்லுறது, உனக்கு வாய் ரெண்டு. எனக்கு இங்க தமிழ் இல்லை, அதால அமைதி.”

அதிகாரி கோப்பை மடியில் வைத்தார். “அப்புறம் ஏம்மா எல்லாத்துக்கும் ஓம்னு சொன்னீங்க? ஜப்பானுக்கும் ஓம், சீனாவுக்கும் ஓம்?”

அவள் சொற்களைத் தேடினாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“இவர் விடிய போறது. வீட்டில ஒருத்தரும் இல்லை. இல்லை சொன்னா கதை முடியும். ஓம் சொன்னா ஆக்கள் நிக்கினம். கதை போகும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அரிசிச் சாக்கைப் பார்த்தேன். அப்போதுதான் என் கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாக என் காதிலேயே விழுந்தன. வயல்தானே, பிலிப்புத்தானே, இப்பிடித்தானே. இரண்டு வருடமாக ஒரு ‘தானே’ இல்லாமல் நான் அவளிடம் எதையும் கேட்டதில்லை. பதிலையும் நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, ஒரு ஓமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“சரி, இப்ப நீங்களே சொல்லுங்க,” என்றார் அதிகாரி. “எந்த ஊரு? அங்க என்ன செஞ்சீங்க?”

அவள் சொன்னாள். செபு என்று ஒரு தீவு. கப்பல் வருகிற பட்டணம். வயலே கிடையாது, எங்கள் வயலில் வைத்ததுதான் சேற்றில் அவள் வைத்த முதல் கால். மெசினும் தெரியாது. ஒரு சலூனில் பெண்களுக்குத் தலைமயிர் வெட்டினவள், வெட்ட வெட்டக் கதைத்துக்கொண்டே இருப்பவள், அந்தக் கதைக்காகவே வருகிற ஆட்கள் இருந்தார்களாம். சொல் கிடைக்காத இடத்தில் கையைப் போட்டாள், கை காணாத இடத்தில் பாடிக் காட்டினாள். அண்ணை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். என் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. எனக்கு மகிழ்ச்சி தாங்க முடியவில்லை, என்மேல் ஆத்திரமும் தாங்க முடியவில்லை.

நானும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. ‘தானே’ வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“பிள்ளை, இஞ்சை உமக்கு என்ன பிடிக்கேல்லை?”

யோசிக்கவேயில்லை அவள். இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி உடனே சொன்னாள்.

“உங்கட தேத்தண்ணி.”

“என்ன?”

“சீனி. அவ்வளவு சீனி. குடிக்க ஏலாது அன்ரி. ஒவ்வொரு நாளும் நீங்க உள்ள போக, நான் வாழைக்கு ஊத்தினது.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம். இது உண்மை ஓம்.”

“அடி பாவி, நல்ல பால்மா போட்டெல்லோ தந்தனான். வாயைத் திறந்து சீனி கூட எண்டு சொல்ல என்ன கேடு உமக்கு?”

“நீங்க கேக்கேல்லை. நீங்க, நல்ல ரீதானே, அப்பிடித்தான் கேக்கிறது.”

“அதுக்கு வாழைக்கு ஊத்துறதோ? ஏன் அந்த வாழை குலை போடேல்லை எண்டு ரெண்டு வருசமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருக்கிறன், நீர் வேரிலை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டிருக்கிறீர்.”

“வாழைக்கும் சீனி கூட.”

நான் இடுப்பில் கையை வைத்தேன். அவளும் வைத்தாள், என்னுடைய சேலையைக் கட்டிக்கொண்டு, என்னைப் போலவே. என் தேத்தண்ணியைக் கண்டாவளையே குடிக்கிறது, நீ யார் குறை சொல்ல என்றேன். கண்டாவளைக்குப் பல்லில்லை என்றாள். வாத்தியார் வாயைப் பொத்தினார். அண்ணை சமாதானம் சொல்ல வந்தார், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் துரத்தினோம்.

அதிகாரி கோப்பை மறுபடி திறந்தார். “போதும்க்கா, இது பக்கத்து வீடுதான்,” என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தார். அவர் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டு எழும்பிப் போகும் வரைக்கும் நாங்கள் இருவரும் நிறுத்தவேயில்லை.